மளிகைக்கடையில் பிறந்த விஸ்கி

விஸ்கி பக்கமே போகாதவர்களுக்கும் ஜானி வாக்கர் என்ற பெயர் தெரியும். ஆனால், அந்த வாக்கர் விஸ்கி காய்ச்சியவர் இல்லை. மளிகைக்கடைக்காரர்!

ஸ்காட்லாந்தில் கில்மார்னாக் என்று ஓர் ஊர். அங்கே ஜான் வாக்கரின் அப்பா 1819-ல் இறந்துவிட, குடும்பத்தின் பண்ணையை விற்ற பணத்தில் மறு வருடம் மகனுக்குக் கடை வைத்துக் கொடுத்தார்கள். பையனுக்கு அப்போது 15 வயதுகூட நிரம்பியிருக்காது. மளிகைச் சாமான்களோடு விஸ்கியும் விற்றார்.

அதில் ஒரு தொல்லை. முளைகட்டிய பார்லியைச் செம்புக் கலங்களில் காய்ச்சி வடிப்பது மால்ட் விஸ்கி. ஒரு பீப்பாய் போல இன்னொன்று இருக்காது. போன மாதம் ருசித்தது இந்த மாதம் காறும். மளிகைக்காரர்களுக்கு இதற்கு வைத்தியம் தெரியும். பல ரகத் தேயிலையைக் கலந்து எப்போதும் ஒரே ருசியில் கொடுப்பவர்கள் ஆயிற்றே! நம்மூர்க் காபிப்பொடிக் கடையில் பீபரியும் பிளான்டேஷனும் கலக்கிற அதே சூட்சுமம்தான்.

கலவைக்கு இன்னொரு பாதியைக் கொடுத்தவர், ஏனியாஸ் காஃபி என்ற அயர்லாந்துக்காரர். கலால் அதிகாரியாக இருந்தவர். கோதுமை, மக்காச்சோளத்திலிருந்து இடைவிடாமல் வடித்துக்கொண்டே இருக்கும் கலத்துக்கு 1830-ல் காப்புரிமை பெற்றார். செலவு குறைவு, சரக்கும் மென்மை. அயர்லாந்தின் பெரிய ஆலைகளோ ‘இதெல்லாம் ஒரு விஸ்கியா?’ என்று முகம் சுளித்தன. ஸ்காட்லாந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வரி கட்டும் முன்பே கிடங்கில் இரண்டையும் கலக்க 1860-ல் சட்டம் வழிவிட்டது. அதன்பின் பிரான்ஸின் திராட்சைக் கொடிகளைப் பூச்சி அரித்து பிராந்திக்குத் தட்டுப்பாடு வர, அந்த இடத்தில் ஸ்காட்ச் உட்கார்ந்தது. ‘தானிய விஸ்கியும் விஸ்கிதான்’ என்று 1909-ல் பிரிட்டிஷ் அரச கமிஷனே சொல்லிவிட்டது.

வாக்கரின் மகன் அலெக்சாண்டர் வியாபாரத்தில் அப்பாவை மிஞ்சியவர். சதுர பாட்டில் அவர் யோசனை. கப்பலில் கூடுதலாக அடுக்கலாம், உடைவதும் குறைவு.

கலக்கும் நிபுணருக்கு நாக்கைவிட மூக்குதான் முதலீடு. மாதிரியில் தண்ணீர் விட்டு, முகர்ந்து பார்த்தே பெரும்பாலும் முடிவு செய்துவிடுவார். ஸ்காட்லாந்திலேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் இருந்தால்தான் ஸ்காட்ச். லேபிளில் ‘12 வருடம்’ என்றால் சராசரிக் கணக்கு இல்லை. கலவையில் மிக இளையதற்கே 12 வயது. அதுவரை வருடத்துக்கு சுமார் 2 சதவிகிதம் ஆவியாகிவிடும். அதற்கு ‘தேவதைகளின் பங்கு’ என்று பெயர். (தேவதைகள் நிதானமாகத்தான் இருப்பார்கள் என்று நம்புவோம்.) இன்று பீப்பாயை நிரப்புகிறவர், அதைத் திறக்கும் நாளில் ஓய்வு பெற்றிருக்கலாம். பன்னிரண்டு வருடம் கழித்து யார், எவ்வளவு கேட்பார்கள் என்று இப்போதே கணிக்க வேண்டிய பிழைப்பு இது.

கில்மார்னாக் என்ன ஆயிற்று? அங்குள்ள ஆலையை மூடப்போவதாக 2009-ல் உரிமையாளரான டியாஜியோ அறிவித்தது. சுமார் 700 பேரின் வேலை. ஊரே திரண்டு பேரணி போயும் பலனில்லை, 2012-ல் மூடிவிட்டார்கள். வாக்கர் பெயர் ஒட்டிய பாட்டில்கள் இப்போது வேறு ஊர்களில் நிரம்புகின்றன.