தலையில் பட்ட சடாரி

ராஜபாளையத்திலிருந்து சனிக்கிழமைதோறும் பேருந்து ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று ஆண்டாள் ரங்கமன்னாரைச் சேவிப்பது, பணி ஓய்வுக்குப் பின் எனக்கு ஏற்பட்ட வழக்கம். சென்ற புரட்டாசியில் ஒரு நாள், தீர்த்தமும் துளசியும் பெற்றுத் தலை குனிந்தேன். பட்டர் சடாரி சாதித்தார். குளிர்ந்த அந்த உலோகம் உச்சியில் பட்டதும் கண்கள் நிறைந்துவிட்டன. பக்தி என்றே முதலில் எண்ணினேன். பிராகாரத்தில் அமர்ந்து யோசித்தபோதுதான் விளங்கிற்று: அந்த வாரம் முழுவதும் என்மீது பட்ட ஸ்பரிசம் அது ஒன்றுதான்.

என் மனைவி காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். நாள் தவறாமல் கைப்பேசியில் பேசுகிறான். முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது. ஆயினும் கை எட்டுவதில்லை.

அப்போது வங்கியில் நடந்த ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நவம்பர் மாதத்தில் உயிர்வாழ் சான்று அளிக்க ஓய்வூதியர்கள் வருவார்கள். விரல் நடுங்கிய முதியவர் ஒருவரின் கையைப் பிடித்துக் கைரேகை பதிய வைத்தேன். பதிந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. "இந்தக் கையை யாராவது பிடித்து எத்தனை நாளாயிற்று, ஐயா!" என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் கையை விடுவித்துக்கொண்டு அடுத்தவரை அழைத்தேன். இன்று வீட்டிலிருந்தே கைப்பேசியில் முகத்தைக் காட்டிச் சான்று அளித்துவிடலாம். வசதிதான், ஆனால் அந்த ஒரு கையும் இப்போது இல்லை.

உயிர்களுக்கு உணவைப் போலவே தொடுதலும் தேவை என்பதை ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ, தாயைப் பிரிந்த குரங்குக் குட்டிகளுக்குப் பால் தரும் கம்பிப் பொம்மை ஒன்றையும், மெத்தென்ற துணிப் பொம்மை ஒன்றையும் வைத்தார். குட்டிகள் பாலுக்கு மட்டும் கம்பியிடம் சென்றன. மற்ற நேரமெல்லாம் துணியையே அணைத்துக் கிடந்தன. இதை அவர் 1958ஆம் ஆண்டில் வெளியிட்டார். தனிமையை உடல்நலத்துக்கே அச்சுறுத்தலாகக் கருதி, உலக சுகாதார நிறுவனம் 2023இல் தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. உறக்கமின்மை, பசியின்மை, காரணம் புலப்படாத உடல்வலி, மனச்சோர்வு ஆகியவற்றின் பின்னே தனிமை மறைந்திருக்கக்கூடும்.

நம் ஆழ்வார்கள் இதை என்றோ அறிந்திருந்தனர். வில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் யசோதையாகவே மாறி, கண்ணன் ஓடிவந்து தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பதிகமும், பின்னால் வந்து முதுகைக் கட்டிக்கொள்வதை எண்ணி மகிழ்ந்து மற்றொரு பதிகமும் பாடினார். குலசேகராழ்வாரோ, பெற்றும் மகனை அணைத்து வளர்க்கும் பேறு இழந்த தேவகியின் புலம்பலைப் பாடினார். பரம்பொருளைப் பெற்றவளுக்கே அந்த ஏக்கம் இருந்தது என்றால், நாம் அதற்கு வெட்கப்பட வேண்டுவதில்லை.

ஆகவே அன்பர்களே, நமஸ்கரிப்பவர்களைத் தூர நின்று வாழ்த்தாமல், தலைமீது கை வைத்து ஆசீர்வதியுங்கள். விரும்பி வரும் பேரக்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுங்கள். நண்பரைக் கண்டால் கைகளைப் பற்றிக்கொண்டு பேசுங்கள். மனச்சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் உண்டு.

சென்ற சனிக்கிழமை, வடபத்ரசாயி சந்நிதிப் படிகளில் முதியவர் ஒருவர் சுவரைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தார். கை கொடுத்தேன். படிகள் முடிந்த பிறகும் அவர் என் கையை விடவில்லை. இம்முறை நானும் விடுவித்துக்கொள்ளவில்லை.