இரண்டு வெள்ளிச் செடியா, ஏழு வெள்ளிச் செடியா?

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. பள்ளி முடிந்ததும் தேக்கா பக்கம் உள்ள எங்கள் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். “மீன் தொட்டி, சித்தி. ஆனா பிளாஸ்டிக் செடி வேண்டாம், உயிர்ச் செடிதான் வேணும்” என்றாள்.

மீன் கடையில் இரண்டு செடிகளுக்கு முன்னால் நின்றோம். ஒன்று ஹைட்ரில்லா. ரப்பர் பட்டையால் கட்டிய ஒரு கொத்து இரண்டு வெள்ளி. உயர்நிலைப் பள்ளி அறிவியல் கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் வைத்து, வெளிவரும் குமிழிகளை எண்ணினோமே, அதே செடிதான். மற்றொன்று கிரிப்டோகொரைன். கடைக்காரர்கள் சுருக்கமாக ‘கிரிப்ட்’ என்பார்கள். சின்னத் தொட்டியில் ஐந்தாறு பழுப்புப் பச்சை இலைகள், ஏழு வெள்ளி.

“எது நல்லது அங்கிள்?” என்று கடைக்காரரைக் கேட்டேன். “வேகமா வளரணும்னா இது. நீ சோம்பேறின்னா அது” என்றார். நான் சோம்பேறி இல்லை என்று காட்டிக்கொள்ள இரண்டு வெள்ளிச் செடியை வாங்கினேன்.

ஹைட்ரில்லாவைக் குறை சொல்ல முடியாது. அதற்கு மண் வேண்டாம், உரம் வேண்டாம். தண்ணீரில் மிதக்கவிட்டாலே போதும். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். வேகமாக வளரும் செடி அந்த இடைவெளியில் அம்மோனியாவில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். பச்சைப் பாசி படர்வதையும் ஓரளவு தடுக்கும். கப்பிக் குஞ்சுகளுக்கு ஒளிந்துகொள்ள இடமும் கிடைக்கும்.

மூன்று வாரத்தில் தொட்டியில் மீனே தெரியவில்லை. சாதகமான சூழலில் ஹைட்ரில்லா ஒரே நாளில் ஓர் அங்குலம்கூட வளரும். மேற்பரப்பை எட்டியதும் பக்கவாட்டில் கிளைத்துப் பாய்போல் மூடிவிடும். கீழே வெளிச்சம் இறங்காது. இரவில் செடியும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். வெட்டினேன். அடுத்த வாரமும் வெட்டினேன். அரை வாளி நிறைந்தது.

வாளியைத் தூக்கிக் குப்பைக்குப் போகும்போது அவள் தடுத்தாள். “பாவம் சித்தி, உயிரோடதானே இருக்கு? ரோச்சோர் கால்வாய்ல விட்டுடலாம். அங்க நிறைய இடம் இருக்கே.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. ஹைட்ரில்லா எங்கிருந்தோ வந்த செடி அல்ல. ஆசிய நீர்நிலைகளில் இயல்பாக வளர்வது, சிங்கப்பூரிலும் உண்டு. கால்வாயும் நடக்கும் தூரம்தான். ஆனால் வாளிக்குள் உற்றுப் பார்த்தபோது செடிக்கு நடுவே இரண்டு கப்பிக் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. தண்டில் நத்தை முட்டைகள் ஒட்டியிருந்தன. செடியை மட்டும் விடுகிறோம் என்று நினைத்தது என் கணக்குப் பிழை.

நம் ஊரில் கழிவுநீருக்கு ஒரு குழாய், மழைநீருக்கு ஒரு வழி. வீட்டுக் கழிவறையில் ஊற்றுவது சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும். புளோக்குக்குக் கீழே உள்ள வடிகாலில் ஊற்றுவதோ பெரும்பாலும் நேரே நீர்த்தேக்கத்துக்குப் போகும். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, 17 நீர்த்தேக்கங்கள். லிட்டில் இந்தியா ஓரமாகப் போகும் ரோச்சோர் கால்வாய் காலாங் படுகை வழியாக மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2008ல் மரினா அணைக்கட்டு திறந்த பிறகு அது குடிநீருக்கான நீர்த்தேக்கம். அதாவது அந்த வாளி சுற்றிவளைத்து நம் சமையலறைக் குழாய்க்கே திரும்பி வரும் பாதையில்தான் கொட்டப்படும்.

அவளுக்கு ஒரு கதையும் சொன்னேன். 1950களில் மீன் தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து இதே ஹைட்ரில்லா அமெரிக்காவுக்குப் போனது. ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் வந்த சரக்கு மனத்துக்குப் பிடிக்காமல் கால்வாயில் போடப்பட்டது. செடி சாகவில்லை, செழித்தது. 1960ல் ஃபுளோரிடாவின் இயற்கை நீர்நிலைகளில் அதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு ஏரி ஏரியாகப் பரவிப் படகுகளின் வழியை அடைத்தது. அதைக் கட்டுப்படுத்த அந்த மாநிலம் பல மில்லியன் டாலர் செலவழித்தது. காரணம் எளிமையானது: ஒரு கணுவுள்ள சிறு துண்டு இருந்தாலே ஹைட்ரில்லா மறுபடி முளைத்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதுதான். யாரோ ஒருவர் அதன் ஊதாப் பூவை ரசித்திருப்பார்.

“அப்போ நாம கெட்டவங்களா?” என்று கேட்டாள். இல்லை. விசாக தினத்தில் மீனையும் ஆமையையும் நீர்த்தேக்கத்தில் விட வருபவர்களும் புண்ணியம் என்று நினைத்துத்தான் வருகிறார்கள். அவர்களிடம் பேசி வேண்டாம் என்று சொல்லத் தேசியப் பூங்காக் கழகமும் தொண்டூழியர்களும் ஒவ்வோர் ஆண்டும் நிற்கிறார்கள். விட்ட உயிரில் பல பிழைப்பதில்லை. பிழைப்பவை அங்கே ஏற்கெனவே வாழ்பவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இரக்கம் தப்பில்லை, இடம்தான் தப்பு.

குஞ்சுகளைத் தொட்டியில் திரும்ப விட்டோம். செடியை ஒரு தட்டில் பரப்பி வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டோம். அவள் முகம் வாடிப்போனது. அடுத்த வாரம் கடைக்குப் போய் ஏழு வெள்ளியைக் கொடுத்தேன்.

அதுவும் இலங்கைச் செடிதான். நான் வாங்கிய ‘வெண்டி’ வகை அந்தத் தீவின் ஓடைகளுக்கே உரியது. கிரிப்ட் குடும்பத்துக்குச் சிங்கப்பூரிலும் ஓர் உறவு உண்டு. புக்கிட் தீமா காட்டு ஓடையில் வளரும் ‘கிரிப்டோகொரைன் திமாஹென்சிஸ்’, 2001ல் பெயரிடப்பட்ட இயற்கைக் கலப்பினம். உலகில் வேறெங்கும் அது இயற்கையாக இல்லை. அப்படி ஓர் ஓடை இருக்கும் ஊரில் வாளியோடு அலையக்கூடாது என்று அப்போது தோன்றியது.

நட்ட பத்தாம் நாள் கிரிப்ட்டின் இலைகள் கண்ணாடிபோல் ஆகி உருகின. ஒன்றுகூட மிஞ்சவில்லை. வானொலியில் மூன்று விநாடி மௌனம் வந்தாலே பதறுகிறவள் நான். மூன்று வாரம் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால்? அம்மா, “தூக்கிப் போட்டுட்டு அந்தப் பழைய செடியையே வாங்கு” என்றார். கடைக்கார அங்கிள் மட்டும், “வேர் இருக்கா? அப்ப கை வைக்காதே” என்றார்.

பல பண்ணைகளில் கிரிப்ட்டைத் தண்ணீருக்கு மேலே வளர்க்கிறார்கள். தொட்டிக்குள் வந்ததும் பழைய இலை பயன்படாமல் போகிறது. அதைக் கைவிட்டு, நீருக்கேற்ற இலையை வேரிலிருந்து புதிதாக விடுகிறது. நான்காம் வாரம் மணலில் ஒரு செம்பழுப்பு முனை தெரிந்தது. முதலில் பார்த்தது அவள்தான்.

வாங்க நினைப்பவர்களுக்கு நான் கற்றுக்கொண்டது இதுதான். வாரம் ஒருமுறை வெட்டி, காயவைத்துக் குப்பையில் போட நேரம் இருந்தால் ஹைட்ரில்லா வாங்குங்கள். புதுத் தொட்டிக்கு அது உதவும். நேரம் இல்லையென்றால் கிரிப்ட். மணலில் வேரைப் புதையுங்கள், இலை கிளம்பும் இடத்தைப் புதைக்காதீர்கள். வேரருகே ஓர் உர மாத்திரை போதும். விளக்கு நாளுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம். அடிக்கடி பிடுங்கி இடம் மாற்றினால் மறுபடி உருகும். எந்தச் செடி வைத்தாலும், நம் குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருக்கிறது. ஒரு நாள் திறந்து வைத்தால் அது போய்விடாது. அதற்கான மருந்தைக் கலந்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள்.

செடியின் விலையைக் கடையில் கேட்டால் இன்றைய விலையைச் சொல்வார்கள். ஒரு மாதம் கழித்து மிஞ்சுவதை என்ன செய்வேன் என்று நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது கிரிப்ட்டில் ஏழு இலைகள். பக்கத்தில் ஒரு கன்று தலைகாட்டுகிறது. அதைக் கால்வாயில் விடலாமா என்று அவள் கேட்கவில்லை. வகுப்புத் தோழி ஒருத்தி மீன் தொட்டி வாங்கப்போகிறாளாம். கன்று வளர்ந்ததும் அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டாள்.