பிழையை மறைப்பதேன்?

சென்ற மாதம் மூன்று இரவுகள் ஒரே வாசகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்: “இணைப்பில் கோளாறு. பின்னர் முயல்க.” பின்னரும் முயன்றேன், விடியுமட்டும் முயன்றேன். சங்கத்து அன்பர்கள் பலருக்கும் இத்தகைய அனுபவம் உண்டென்று அறிவேன். ஆகவே என் கட்சியை இங்கே எடுத்துரைக்கத் துணிந்தேன்.

நான் நில இயல் மாணவி. கங்கையின் மணல் திட்டுகள் ஆண்டுக்காண்டு இடம் பெயர்வதை நிலப்படத்தில் குறிப்பது என் ஆய்வேட்டு வேலை. அதற்குத் துணை கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள். 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கியது, இன்று பல நாட்டார் கூடி வளர்க்கிறார்கள், விலை கிடையாது. பிறர் எழுதிய பிளக்-இன்களை அதில் சேர்த்துக் கொள்ளலாம். நான் சேர்த்த ஒன்று, வெளியூரிலுள்ள கணிப்பொறியிலிருந்து செயற்கைக்கோள் படங்களைக் கொணர்ந்து தரவேண்டும். அதுதான் மேற்கண்ட வாசகத்தை மட்டும் தந்து கொண்டிருந்தது.

ஆலோசனைக்குப் பஞ்சமா? “நீக்கிவிட்டு மறுபடி நிறுவு” என்றாள் அறைத் தோழி. நிறுவினேன். “விடுதி இணைப்பே அப்படித்தான்” என்றார் ஓர் அக்கா. “ஃபயர்வாலை அணைத்துவிடு” என்றார் இன்னொருவர். நூற்றுக் கணக்கான கணிப்பொறிகள் ஒரே வலையில் கிடக்கும் விடுதியில் கதவைக் கழற்றி வைக்கச் சொல்வதற்கு ஒப்பானது இது. நல்ல வேளை, அதை மட்டும் செய்யவில்லை.

ஒரு மென்பொருள் வேறொரு கணிப்பொறியோடு பேசத் திறக்கும் வாயிலுக்குச் சாக்கெட் என்று பெயர். 1983-இல் பெர்க்கிலியிலிருந்து வந்த 4.2 பி.எஸ்.டி. மூலம் பரவிய ஏற்பாடு அது. வாயில் திறக்காவிட்டால் காரணத்தை ஓர் எண்ணால் சொல்லும். விண்டோஸில் 10061 என்றால், அந்த விலாசத்துக்குப் போனோம், அந்தக் கதவில் எவரும் இல்லையென்று மறுமொழி வந்தது என்று பொருள். 10060 என்றால் மறுமொழியே இல்லை. ஊருக்குக் கடிதம் எழுதுகிறோம். ‘விலாசதாரர் இல்லை’ என்று அஞ்சல்காரர் திருப்பிக் கொடுப்பது ஒன்று; கடிதம் போன சுவடே தெரியாதது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே பரிகாரம் தேடுவோமா?

மூன்றாம் இரவில்தான் எனக்குப் புத்தி வந்தது. கியூஜிஐஎஸ்ஸுக்குள்ளேயே பைத்தான் கட்டளை எழுத ஓர் இடமுண்டு. அதே விலாசத்துக்கு நானே நாலு வரி எழுதிச் சாக்கெட் திறந்து பார்த்தேன். இருபது வினாடிபோல மௌனம், பிறகு 10060. ஆக, அக்கரையில் இருப்பவர் மறுக்கவில்லை. என் சொல் அவரை எட்டவேயில்லை. எங்கள் வளாகத்திலிருந்து எதுவும் பிராக்ஸி வழியாகவே வெளியேறலாம். நேரே போக முயல்வதை வாசலிலுள்ள காவல் ஓசையின்றி விழுங்கிவிடும். பிரௌசருக்கு பிராக்ஸி தெரியும். கியூஜிஐஎஸ்ஸின் அமைப்புகளிலும் நானே எழுதி வைத்திருந்தேன். அடிப்படை நிலப்படம் அதனால்தான் தடையின்றி வந்தது. இந்த பிளக்-இன் மட்டும் அவ்வமைப்பைக் கேளாமல் தன் சொந்தச் சாக்கெட்டைத் திறந்து நேரே ஓடியிருக்கிறது!

பிளக்-இன்னின் நிரலைத் திறந்து படித்தேன். எந்தப் பிழை வந்தாலும் பிடித்து எண்ணைக் கீழே போட்டுவிட்டு, அந்த ஒரே வாசகத்தைக் காட்டும்படி எழுதியிருந்தது. எனக்கு ஆத்திரம் மூண்டது இங்கேதான். பிராக்ஸியை மறந்ததைக் குற்றமென்று சொல்லமாட்டேன். ஊதியம் வாங்காமல் எழுதிய மனிதர். அவர் வீட்டில் பிராக்ஸி இருந்திராது, அங்கே ஒழுங்காய் ஓடியிருக்கும். ஆனால் கைக்கு வந்த எண்ணை எறிந்தது ஏன்? எண்ணைக் கண்டால் சாமானியர் மிரள்வார் என்பது எழுதுவோர் பலரின் வாதம். மின்கட்டண அட்டையிலுள்ள இணைப்பு எண்ணைக் கண்டு எந்தப் பாட்டி மிரண்டாள்? தனக்கு விளங்காவிட்டால் விளங்கியவரிடம் காட்டுவாள். எண்ணே இல்லையென்றால் எவரிடம் எதைக் காட்டுவது? அந்த இடைவெளியில்தான் ஃபயர்வாலை அணைக்கும் வைத்தியர்கள் நுழைகிறார்கள்.

நம்மீதும் பிழையில்லாமல் இல்லை. ‘பதிவுச் செய்திகள்’ என்று கியூஜிஐஎஸ்ஸில் ஒரு பலகை உண்டு. நான்கு பருவங்களாக இதைக் கையாளும் நான் அதை ஒருநாளும் திறந்ததில்லை. அந்த எண் அங்கே இல்லைதான். ஆயினும் அது தெரிந்து நான் திறவாமலிருந்தேன் என்று சொல்ல முடியாதே!

கியூஜிஐஎஸ் தன் பிளக்-இன்களுக்கென்றே பொது வாயில் ஒன்று வைத்திருக்கிறது. அதன் வழியே போனால் பயனர் எழுதிய பிராக்ஸி தானே பொருந்தும். சொந்தச் சாக்கெட்டை எடுத்துவிட்டு அதைப் பொருத்தினேன், ஆறே வரி. வாசகத்தின் வாலில் எண்ணையும் சேர்த்தேன். படங்கள் வந்தன. திருத்தத்தை ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன், இன்னும் மறுமொழியில்லை. அதுவரை, இதே பிளக்-இன்னோடு மல்லாடுகிற அன்பர்கள் ஞாயிறு மாலை சங்க அறைக்கு வந்தால் என் பிரதியைத் தருவேன். பென் டிரைவ் கொண்டு வரவும். என்னுடையதை யாரோ இரவல் வாங்கிப் போய்விட்டார்கள்.