புற்றுநோய்க்கு முன்பே வரும் காய்ச்சல்

புகைபிடித்தால் புற்றுநோய் வரும் என்பதை அறியாத மாணவர் இன்று இல்லை. ஆனாலும் 18 வயதில் அந்த எச்சரிக்கை மனத்தில் தைப்பதில்லை. 'அதெல்லாம் ஐம்பது வயதில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணமே மேலோங்குகிறது. உண்மையில் சிகரெட் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. அடுத்த முறை வகுப்பில் சளிக்காய்ச்சல் பரவும்போதே அது தன் வேலையைக் காட்டிவிடும்.

நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் உள்ளன. மூச்சோடு வரும் தூசியும் கிருமிகளும் சளியில் சிக்கிக்கொள்ள, அந்தச் சளியை மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுவது இவற்றின் பணி. சிகரெட் புகை இவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. காவலர் தூங்கிவிட்ட வீட்டுக்குள் நுழைவதில் கிருமிக்கு என்ன சிரமம்?

இது வெறும் ஊகமன்று. இஸ்ரேலிய ராணுவப் பிரிவு ஒன்றில் சளிக்காய்ச்சல் பரவியபோது 336 இளையர்கள் ஆராயப்பட்டனர். அனைவரும் நல்ல உடல்நலம் கொண்டவர்கள். புகைபிடித்தவர்களில் 68.5 விழுக்காட்டினருக்கும் புகைபிடிக்காதவர்களில் 47.2 விழுக்காட்டினருக்கும் காய்ச்சல் கண்டது. 1982ல் வெளியான இந்த ஆய்வு, முகாமில் ஒன்றாகத் தங்கும் நம் தேசிய சேவையாளர்களும் எண்ணிப் பார்க்கவேண்டியது.

'புகைபிடிப்போர் கூடி நின்று புகைப்பதால்தான் தொற்றியிருக்குமோ?' என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் நடந்த ஆய்வு அதற்கு விடை தருகிறது. அங்கு 391 தொண்டூழியர்களின் மூக்கில் சளிக்கிருமிகள் வேண்டுமென்றே செலுத்தப்பட்டன. ஆகவே, கிருமியை எதிர்கொள்ளும் வாய்ப்பு அனைவருக்கும் ஒன்றே. அப்போதும் புகைபிடிப்போரே கூடுதலாகத் தொற்றுக்கு ஆளாயினர். தொற்றியபின் நோயுற்றதும் அவர்களே அதிகம் என்று 1993ல் வெளியான முடிவுகள் காட்டின.

2020ல் கொவிட்-19 பரவியபோது, புகைபிடிப்போருக்குத் தொற்று குறைவு என்ற செய்தி கைப்பேசிகளில் வலம்வந்தது. அப்படிச் சொன்ன ஆய்வுக் கட்டுரைகளுள் ஒன்றை, அதை வெளியிட்ட ஐரோப்பிய மருத்துவ இதழே 2021ல் மீட்டுக்கொண்டது. எழுதியவர்களுள் இருவர், புகையிலைத் துறையுடன் தங்களுக்கிருந்த தொடர்பை மறைத்திருந்தனர். 'ஆய்வு சொல்கிறது' என்று ஒரு செய்தி வந்தால், அந்த ஆய்வால் யாருக்கு லாபம் என்றும் கேட்கப் பழகவேண்டும்.

மின்சிகரெட்டும் இதற்கு விலக்கன்று. அதன் ஆவி வெறும் நீராவியன்று. மூச்சுக்குழாயை அதுவும் புண்படுத்துகிறது. ஒரே கருவியை நண்பர்கள் மாற்றி மாற்றி வாயில் வைக்கும்போது எச்சிலோடு கிருமியும் கைமாறுகிறது. சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதே 2018 முதல் குற்றம் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. புகையை நிறுத்தினால் நுண்மயிர்கள் மீண்டும் இயங்கத் தொடங்குகின்றன. சில மாதங்களில் இருமலும் மூச்சிரைப்பும் குறைகின்றன. பழக்கத்தை விட நினைப்போருக்குச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் உதவி இருக்கிறது. கேட்கத் தயங்கவேண்டாம்.

ஆண்டிறுதியில் இங்கு சளிக்காய்ச்சல் பரவும் காலமும் சாதாரண நிலை, மேல்நிலைத் தேர்வுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. பல மாதம் படித்ததைத் தேர்வு மண்டபத்தில் எழுத வேண்டிய நாளில் காய்ச்சலோடு படுத்துக் கிடப்பதா? ஒரு சிகரெட்டை நண்பர் நீட்டும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.