அழுங்குப் பண்ணைக்கு நான் கடன் தரமாட்டேன்

அழுங்குப் பிடி என்று ஊரில் சொல்வோமே, அந்த அழுங்கை நேரில் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? எறும்புதின்னி என்றால் பிள்ளைகளுக்கும் புரியும். உடம்பெல்லாம் செதில், பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாது. அந்தச் செதிலுக்காகத்தான் அதைக் கொல்கிறார்கள். நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான், வேறு மகிமை எதுவும் கிடையாது.

போன வாரம் சரோஜினி நகர் பிள்ளையார் கோவிலில் ஒரு நண்பர் கேட்டார். "எதுக்கு சார் இத்தனை கெடுபிடி? கோழிப் பண்ணை மாதிரி இதுக்கும் பண்ணை வச்சு வித்தா, காட்டுல இருக்கறது பிழைச்சுக்குமே?"

பி.காம். படித்தவனுக்குச் சட்டென்று பிடிக்கிற யோசனைதான். சரக்கு கூடினால் விலை இறங்கும், விலை இறங்கினால் திருடன் ஓய்வான். ஆனால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் படித்தே தலை நரைத்தவன் நான். முதலில் கேட்பது, உற்பத்தி எவ்வளவு?

இதற்கு அமெரிக்காவில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, ஆர்மடில்லோ. தொழுநோய்க் கிருமியைச் சோதனைக் குழாயில் வளர்க்க முடியாது. அது ஒன்பது பட்டை ஆர்மடில்லோவின் உடம்பில் நன்றாக வளரும் என்று 1971-ல் கண்டார்கள். உடனே ஆய்வுக்கூடங்களுக்கு ஏகப்பட்ட ஆர்மடில்லோ தேவைப்பட்டது.

கணக்குப்படி பார்த்தால் அருமையான முதலீடு. கருப்பையில் சேரும் ஒரே கருமுட்டை நான்காகப் பிரிந்து, அச்சில் வார்த்தது போல நான்கு குட்டிகள். நான்கும் ஆண், அல்லது நான்கும் பெண். ஒரு டெபாசிட், நான்கு ரசீது! ஆனால் கரு உடனே கருப்பையில் ஒட்டாது. மூன்று நான்கு மாதம் சும்மா மிதந்துகொண்டிருக்கும். கோடையில் கூடினால் குட்டி அடுத்த வசந்தத்தில்தான். பிடித்து அடைத்துவிட்டால் இந்தக் காலக்கணக்கும் குழம்பிவிடும். ஆண் துணையில்லாமல் அடைக்கப்பட்ட பெண், ஒரு வருடம் கழித்து ஈன்றதெல்லாம் உண்டு. பணமும் படிப்பும் இருந்தும் கூண்டில் அதை ஒழுங்காக இனப்பெருக்கம் செய்ய வைக்க முடியவில்லை. பெரும்பாலும் காட்டில் பிடித்ததையே நம்பவேண்டியிருந்தது.

நான்கு குட்டி போடுகிற ஆர்மடில்லோ கதையே இது. நம் அழுங்கு அதற்கு உறவுகூட இல்லை (பார்க்கத்தான் ஒன்றுபோல, வம்சத்தில் பூனை நாய்க்குத்தான் பக்கம்). பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. அதைத் தாய் வால்மேல் சுமந்து திரியும். சாப்பாடு எறும்பும் கரையானும். மூட்டை மூட்டையாகத் தீவனம் வாங்கிப் போட முடியாது. ஒடிசாவின் நந்தன்கானனில் 2009-லிருந்து இதற்கென்றே ஒரு இனப்பெருக்க மையம் இருக்கிறது. குட்டிகளும் பிறந்திருக்கின்றன. ஆனால் அது இனம் அழியாமல் காக்கிற வேலை, கிலோக்கணக்கில் செதில் விற்கிற வேலை இல்லை.

அப்படியானால் பண்ணைக்காரர் என்ன விற்பார்? காட்டில் பிடித்ததைப் பண்ணையில் பிறந்தது என்று எழுதி விற்பார். பழைய கடனைப் புதுக் கடனால் அடைத்துக் கணக்கை அழகாகக் காட்டுகிறவர்களைப் பார்த்தவனுக்கு இந்த வித்தை புரியும்.

எட்டு வகை எறும்புதின்னிக்கும் சர்வதேச வர்த்தகத் தடை என்று 2016-ல் ஜோகன்னஸ்பர்க்கில் முடிவானது. 2020-ல் சீனாவே தன் மருந்து நூலிலிருந்து செதிலை எடுத்துவிட்டது. இங்கே 1972 சட்டத்தில் முதல் அட்டவணை, புலிக்கு உள்ள அதே இடம். ஊருக்குப் போகும்போது மூலத்துக்கு நல்லது, திருஷ்டிக்கு நல்லது என்று யாராவது செதில் மோதிரம் நீட்டினால் கையை இழுத்துக்கொள்ளுங்கள். மாட்டினால் மூன்று முதல் ஏழு வருடம், அபராதம் தனி.