இலவசம்தான், ஆனால் யாருடைய மொழியில்?



"மிஸ், மகனுக்கு நாலு வயசு, ஒட்டிசம். கிளினிக்ல சிங்களத்துலதான் பழக்குறாங்க. எங்களுக்கு வீட்டுல தமிழ் மட்டுந்தானே?" வெள்ளவத்தை உம்மா ஒருவர் கேட்டார். தனியாரிடம் போகக் காசில்லை. வாப்பா கொட்டாஞ்சேனையில் கடையொன்றில் வேலை.

அரச வைத்தியசாலையில் இலவசம், உண்மைதான். ஆனால் பேச்சுச் சிகிச்சை ஊசியல்ல, எந்த மொழியிலும் போட்டுவிட. அந்தப் பிள்ளை உம்மாவிடம் "தண்ணி" என்றுதான் கேட்க வேண்டும், "வதுர" என்றல்ல.

1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. படிவத்தில் மட்டும் தமிழ் இருந்தால் போதுமா? தமிழ் பேசும் சிகிச்சையாளர்களைக் கொழும்புக்கு நியமியுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, ஸகாத்தில் தையல் மெஷின் கொடுக்கிறீர்கள், நல்லது. இந்த ஏழைக் குடும்பத்தின் சிகிச்சைச் செலவு ஏன் உங்கள் கண்ணில் படவில்லை?

ஆசிரியர்களே, நாமும் தப்ப முடியாது. ராகம மருத்துவ பீடத்தில் பேச்சுச் சிகிச்சைக்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளிடம் "டொக்டர்" என்பதைத் தவிர வேறென்ன சொல்லியிருக்கிறோம்? இந்த வருடமாவது சொல்லுவோம். நான் நாளைக்கே வகுப்பில் சொல்லப்போகிறேன், இன்ஷா அல்லாஹ்.