குருப் பெயர்ச்சியும் குருவின் முகமும்

நம் வீடுகளில் குருவைப் பற்றிப் பேசாத வருஷம் கிடையாது. புதுப் பஞ்சாங்கம் வந்து மஞ்சள் தடவி வைத்தவுடனேயே, "இந்த வருஷம் குரு எந்த ராசிக்குப் போகிறார்?" என்ற கேள்வி பிறந்து விடுகிறது. பெண்ணுக்குக் கல்யாணம், பிள்ளைக்கு உத்தியோகம், தகப்பனாருக்குக் கால்வலி எல்லாம் அந்தப் பதிலில் தொங்கிக் கொண்டிருக்கின்றன. சனைச்சரனைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். ஏழரை வருஷம் ஒருவர் வீட்டிலேயே தங்கிச் சாப்பிடுகிற விருந்தாளியை மறந்து விட முடியுமா?

ஆனால், இவ்வளவு நெருங்கிய உறவு கொண்டாடுகிற நம்மில் குருவை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நவக்கிரக சந்நிதியை ஒன்பது முறை சுற்றி விட்டுக் கோயில் வாசலுக்கு வருகிறோம். தலைக்கு மேலே, வேறெந்த நட்சத்திரமும் கிட்ட வர முடியாத பிரகாசத்துடன், அதே குரு நின்று கொண்டிருக்கிறது. நாம் செருப்பைத் தேடிக் கொண்டிருக்கிறோம்!

கள்ளக்குறிச்சி போன்ற ஓர் ஊரில், வீட்டுக் கொல்லையில் நின்றபடியே குருவின் முகத்தைப் போட்டோப் பிடிக்கலாம் என்று சொன்னால், கதை என்று நினைக்கக் கூடாது. ஆறு அங்குலம் அல்லது எட்டு அங்குல விட்டமுள்ள கண்ணாடி ஒன்று பொருத்திய தூரதிருஷ்டிக் குழாயும், அதன் வாயில் மாட்டுகிற சிறு காமிராவும், ஒரு கணிப்பொறியும் போதும். குருவின் நடுவில் ஓடுகிற இரண்டு பழுப்பு நிறப் பட்டைகள், பெரிய சிவப்புத் திட்டு, பக்கத்தில் துணை வருகிற நான்கு சந்திரர்கள் ஆகிய எல்லாம் படத்தில் விழும். சனியின் வளையமும், அங்காரகனுடைய துருவத்தில் படிந்துள்ள வெண்பனியும் அப்படியே.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்டால், முதற் கஷ்டம் அளவு. குரு நமக்கு மிக அருகில் வரும்போது கூட, இரண்டு ஸென்டிமீட்டர் அகலமுள்ள காசு ஒன்றை எண்பது மீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்ப்பது போலத்தான் இருக்கும். அந்தக் காசின் மேலுள்ள எழுத்தைப் படிக்க வேண்டும்; அதுவே காரியம்.

இரண்டாவது கஷ்டம் காற்று. கோமுகி ஆற்றில் முழங்கால் ஆழத் தண்ணீருக்கு அடியில் ஒரு காசு கிடப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். தண்ணீர் ஓட ஓட, காசு நெளிகிறது, நீள்கிறது, இரண்டாகிறது, மறுபடியும் ஒன்றாகிறது. எப்போதோ ஒரு கணம் நீர் சலனமற்று நிற்கிறது. அந்தக் கணத்தில் காசு தெள்ளத் தெளிவாகத் தெரிந்து மறைகிறது. நாமெல்லாரும் ஆகாசம் என்கிற ஆற்றின் அடியில் நின்று கொண்டு மேலே பார்க்கிறவர்கள். காற்றின் ஓட்டத்தில் குருவும் சனியும் அப்படித்தான் நெளிகின்றன.

முற்காலத்தில் போட்டோத் தகட்டை வைத்துப் படம் பிடித்தவர்கள் பட்ட பாடு இதனால்தான். தகட்டில் உருவம் பதியச் சில விநாடிகள் பிடிக்கும். அந்தச் சில விநாடிகளில் நெளிந்த நெளிவு அத்தனையும் சேர்ந்து பதிந்து, குரு வெண்ணெய் உருண்டையாகி விடும். ஆகையால் வெகு காலம் வரையில், கிரகங்களைப் பொறுத்த மட்டில், காமிராவை விடக் கண்ணே மேல் என்று வைத்திருந்தார்கள். கண் அந்த ஒரு கணத்தைப் பிடித்து விடும். கை அதைக் காகிதத்தில் வரையும்.

இப்போது செய்கிற தந்திரம் வேறு. மூன்று நிமிஷத்தில் பல ஆயிரம் படங்களைக் காமிரா எடுத்துத் தள்ளி விடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை உதவாதவை. முறத்தில் அரிசியைப் போட்டுப் புடைத்து நொய்யையும் உமியையும் ஒதுக்குகிற மாதிரி, கணிப்பொறியானது படங்களைப் புடைத்து, காற்று அசையாமல் நின்ற கணங்களில் எடுத்த சில நூறு படங்களை மட்டும் பொறுக்குகிறது. பிறகு அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்கிறது. தனிப் படங்களில் இருந்த புள்ளியும் கறையும் ஒன்றையொன்று அடித்துக் கொண்டு போக, உண்மையான கோடுகள் மட்டும் மிஞ்சுகின்றன. மூன்று நிமிஷம் என்று ஏன் கணக்கு வைத்தார்கள் தெரியுமா? குரு சும்மா நிற்பதில்லை. பத்து மணிக்கும் குறைவான நேரத்தில் தன்னைத் தானே ஒரு முறை சுற்றி விடுகிறது. மூன்று நிமிஷத்துக்கு மேல் போனால், முகமே திரும்பத் தொடங்கி விடும்.

"இதெல்லாம் யந்திரம் வரைகிற சித்திரந்தானே? குருவின் படமென்று எப்படி நம்புவது?" என்று சந்தேகப் பிரகிருதிகள் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. படத்தைக் கூர்மையாக்குகிறேன் என்று கணிப்பொறியில் அளவு மீறித் திருகினால், இல்லாத கோடுகளும் எழும்பி வரும் என்பது மெய்யே. மனிதக் கண்ணும் இந்த விஷயத்தில் யோக்கியமானதல்ல. 1877-ல் இத்தாலிய தேசத்து ஷியாபரெல்லி, அங்காரகனில் கோடுகள் கண்டேன் என்றார். அமெரிக்காவிலிருந்த லோவெல் அவற்றைக் கால்வாய்கள் என்றே முடிவு கட்டி, வெட்டின ஜனங்களையும் கற்பித்துப் புஸ்தகங்கள் எழுதினார். கால்வாயும் இல்லை, வெட்டினவர்களும் இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஒருவர் எடுத்த படத்தை, அவருடன் சம்பந்தமில்லாத இன்னொருவர் வேறு ஊரிலிருந்து அதே இரவில் எடுத்த படத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இதற்குப் பரிகாரம். இரண்டிலும் இருந்தால் உண்டு. ஒன்றில் மட்டும் இருந்தால் சந்தேகம். இந்த "இன்னொருவர்" விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

நிற்க. நம் பக்கத்துக்கு இதில் ஒரு விசேஷ அநுகூலம் இருக்கிறது. கிரகங்கள் யாவும் ராசி மண்டலத்தை ஒட்டியே நடக்கின்றன. கள்ளக்குறிச்சியோ பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் பன்னிரண்டு பாகையில் இருக்கிறது. ஆகவே கிரகங்கள் நமக்கு ஏறக்குறைய தலைக்கு மேலேயே பவனி வருகின்றன. 2018-ல் சனி தெற்கே வெகுவாகச் சாய்ந்திருந்தபோது, லண்டன்வாசிகளுக்கு அது அடிவானத்திலிருந்து பதினாறு பாகை உயரத்துக்கு மேல் ஏறவில்லை. புகையும் தூசியும் நிறைந்த காற்றைக் குறுக்காகத் துளைத்துக் கொண்டு அவர்கள் சனியைப் பார்க்க வேண்டியிருந்தது. அதே சனி கள்ளக்குறிச்சிக்காரருக்கு ஐம்பத்தாறு பாகை உயரத்தில் சிங்காதனம் போட்டு உட்கார்ந்திருந்தது. இந்த வசதியை விலை கொடுத்து வாங்க முடியாது. நமக்கோ பிறந்தபோதே கிடைத்திருக்கிறது.

இன்னொரு சமாதானமும் உண்டு. பால்வீதியையும் மங்கலான நட்சத்திரக் கூட்டங்களையும் பார்க்க நல்ல இருட்டு வேண்டும். அதற்குக் கல்வராயன் மலை மேல் ஏறி, கரியாலூர், வெள்ளிமலைப் பக்கம் போவது உத்தமம். கிரகங்களுக்கோ இருட்டே தேவையில்லை. அவை நல்ல வெளிச்சம் உள்ளவை. தெரு விளக்கு ஒன்றும் செய்யாது. காற்று அமைதியாயிருந்தால் சரி. மலை மேல் இருக்கிற காரணத்தினாலேயே காற்று அமைதியாகி விடாது. சரிவில் மோதி மேலேறுகிற காற்று கீழே இருப்பதை விட அதிகமாகக் குழம்புவதும் உண்டு. ஊருக்குள்ளே மொட்டை மாடிதான் மோசம். பகலெல்லாம் குடித்த வெயிலை ஸிமெண்டுத் தளம் நடு நிசி வரையில் கக்கிக் கொண்டிருக்கும். அந்த அனலில் சனியின் வளையம் ஜிலேபியாகத் தெரியும். மண் தரையோ, புல் தரையோ, வயலோரமோ சிலாக்கியம். கரும்பு வெட்டு முடிந்து தோகை கொளுத்துகிற நாட்களில் மட்டும் பெட்டியை மூடி வைத்து விட்டுத் தூங்கலாம்.

கல்வராயன் மலைக்கு வடக்கே ஜவ்வாது மலை. அங்கே காவலூரில், வைணு பாப்பு என்ற பெரியவர் இடம் தேர்ந்தெடுத்து ஸ்தாபித்த வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. காவலூரும் கள்ளக்குறிச்சியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் உள்ளவை. அங்கே ஒரு கிரகம் உச்சிக்கு வந்தால், அதே நிமிஷத்தில் இங்கேயும் உச்சிக்கு வரும். 1977 மார்ச் 10-ஆம் தேதி இரவு, யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகவிருந்தது. காவலூரில் பட்டாசார்யாவும் குப்புஸ்வாமியும் ஒரு மீட்டர் டெலஸ்கோப்பை அதன் மேல் திருப்பி வைத்துக் காத்திருந்தார்கள். கிரகம் நெருங்குமுன்பே நட்சத்திரத்தின் ஒளி சில விநாடி மங்கித் திரும்பியது. யுரேனஸின் புதிய சந்திரன் ஒன்று குறுக்கிட்டது என்று முதலில் எண்ணினார்கள். அதே இரவில் ஆகாய விமானத்தில் ஏறிப் பறந்து கொண்டே பார்த்த அமெரிக்கர்களின் குறிப்புகளையும் சேர்த்து வைத்த பிறகு, யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்ற சங்கதி வெளியாயிற்று. ஓர் இடத்துக் குறிப்பில் புதிர். இரண்டு இடத்துக் குறிப்பில் விடை.

காவலூருக்கும் நூறு வருஷம் முன்னால் போனால், சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம் பார்த்த சிந்தாமணி ரகுநாதாசாரியார் இருக்கிறார். 1867-ல், ஒளி மாறுகிற நட்சத்திரம் ஒன்றை அவர் கண்டு பிடித்தார். 1874-ல் சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே சென்றபோது, அது இன்னதென்று தேச பாஷைகளில் ஜனங்களுக்கு விளக்கிப் புஸ்தகம் போட்டார். எல்லாவற்றையும் விட, திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டார். வாக்கியமா, திருக்கணிதமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்களே, அந்தச் சொல்லின் முதற் பாதிக்கு அர்த்தமே "பார்வை" என்பதுதான். கணக்கை ஆகாசத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்து என்கிறது அது. பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக் கொண்டு ஆகாசத்தைப் பாராமல் இருப்பவர்கள், ஆசாரியாரின் உழைப்பில் பாதியைத்தான் வாங்கிக் கொண்டிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

"பெரிய நிலையங்களும் ஆகாயக் கப்பல்களும் இருக்கையில், கொல்லைப் படத்தால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்கலாம். பெரிய டெலஸ்கோப்புகளுக்கு ஆயிரம் வேலை. இரவுக்கு இரவு குருவையே பார்த்துக் கொண்டிருக்க அவற்றுக்கு நேரம் ஏது? பிலிப்பைன் தீவுகளில் ஸெபு நகரத்தில் கிறிஸ்டபர் கோ என்பவர் இருக்கிறார். மேஜை நாற்காலி வியாபாரம் செய்கிறவர். 2006 பிப்ரவரியில், குருவில் வெண்மையாயிருந்த புயல் ஒன்று சிவப்பாகி விட்டதை முதலில் கண்டு சொன்னவர் அவரே. ஆஸ்திரேலியாவில் அந்தோணி வெஸ்லி என்பவர், 2009 ஜூலை 19 அன்று, இடையில் சற்று நேரம் விளையாட்டு ஒளிபரப்புப் பார்த்து விட்டுத் திரும்பி வந்தவர், குருவின் தென் துருவத்தருகே கரிய தழும்பு ஒன்றைக் கண்டார். ஏதோ ஒன்று குருவின் மேல் விழுந்து வெடித்திருக்கிறது! விழுந்ததை உலகத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. வெஸ்லி செய்தி அனுப்பிய பிறகே ஹவாய்த் தீவின் பெரிய டெலஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பிற்று. மறு வருஷம் ஜூன் 3-ஆம் தேதி, குருவில் இரண்டு விநாடி மின்னி மறைந்த வெளிச்சத்தை அதே வெஸ்லி பிடித்தார். காமிராவின் கோளாறாயிருக்குமோ என்று சந்தேகிக்க இடமில்லாமல், ஸெபுவில் கோ எடுத்து வைத்திருந்த படங்களிலும் அதே இடத்தில் அதே மின்னல் இருந்தது. முன்னே சொன்ன "இன்னொருவர்" இவர்தான்.

இப்போது தேசப் படத்தைப் பாருங்கள். ஸெபு நமக்குக் கிழக்கே நாற்பத்தைந்து பாகை. அதாவது மூன்று மணி நேரம். அங்கே பொழுது விடிந்து கோ தமது குழாயை மூடும்போது, நமக்கு இன்னும் மூன்று மணி நேரம் இரவு பாக்கியிருக்கிறது. அதற்குள் குரு தன் உடம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிக் காட்டி விடுகிறது. மேற்கே இத்தாலிக்காரர் கண்ணுக்குக் குரு வந்து சேர இன்னும் நேரம் ஆகும். மாலை வேளைக் கிரகமானால், ஸெபுவில் அது அஸ்தமித்து, இத்தாலியில் இன்னும் சூரியன் மறையாத நேரம் நம்முடையது. அந்த இடைவெளியில் குருவில் என்ன நடந்தாலும், நம் தீர்க்கரேகையில் ஒருவர் விழித்திருந்தால்தான் குறிப்பு உண்டு. அவர் தூங்கி விட்டால் அது நடக்காததற்குச் சமானம். 2016-ல் குருவை அடைந்த ஜூனோ என்ற ஆகாயக் கப்பலை நடத்துகிறவர்கள் கூட, எந்தப் பட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்து கொள்ள இப்படிப்பட்ட வீட்டுப் படங்களைக் கேட்டு வாங்கி உபயோகித்தார்கள்.

பணத்துக்கு எங்கே போவது என்ற விசாரத்துக்கு ஜான் டாப்ஸன் கதையைச் சொல்ல வேண்டும். இவர் 1944 முதல் 1967 வரை அமெரிக்காவில் ராமகிருஷ்ண சம்பிரதாயத்தைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் பிரம்மசாரியாகவும் சந்நியாசியாகவும் இருந்தவர். கையில் காசு கிடையாது. கப்பல் ஜன்னலின் பழைய கண்ணாடிகளை வாங்கி, மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குழிக் கண்ணாடியாக்கினார். அட்டைக் குழாயும் பலகைப் பெட்டியுமாகச் சேர்த்து டெலஸ்கோப் செய்தார். அதைத் தெருவில் உருட்டிக் கொண்டு போய் வருவோர் போவோருக்கெல்லாம் சந்திரனையும் சனியையும் காட்டினார். மடத்துக் காரியம் கெடுகிறதென்று அவரை வெளியே அனுப்பி விட்டார்கள். அவர் தெருமுனைக்கே போய் விட்டார்! அவர் செய்த மாதிரிப் பெட்டிக்கு இன்று உலகமெங்கும் "டாப்ஸோனியன்" என்று பெயர். நம் தேசத்திலும் புனாவிலுள்ள ஐயூகா நிலையத்தார், கண்ணாடி தேய்க்கும் வித்தையை முகாம் நடத்திப் பலருக்குக் கற்பித்திருக்கிறார்கள். வழவழப்பு மில்லிமீட்டரில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு பிசகக் கூடாது என்றால் மிரட்டுவது போலிருக்கும். ஆனால் இரண்டு கண்ணாடி வட்டங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பொறுமையாகத் தேய்க்கும்போது, அந்த வடிவம் பெரும்பாலும் தானாகவே வந்து அமைகிறது. அம்மியில் அரைக்கத் தெரிந்த கைக்கு இது அந்நியமான வேலையல்ல.

2026 ஜனவரி 10-ல் குரு சூரியனுக்கு நேர் எதிரே நின்றது. அடுத்த எதிர்நிலை 2027 பிப்ரவரி 10-ஐ ஒட்டி வருகிறது. அப்போது நடு நிசியில் கள்ளக்குறிச்சியின் உச்சி வானத்துக்கு மூன்று நான்கு பாகைக்குள் குரு இருக்கும். டாப்ஸன் பெட்டிக்கு மட்டும் உச்சி வானம் ஒத்துக் கொள்ளாது. குழாயை நேரே நிமிர்த்தினால் பக்கவாட்டில் திருப்புவது பெரும் அவஸ்தை. அப்படிப்பட்ட பெட்டி வைத்திருப்பவர்கள் பத்தரை மணிக்கே ஆரம்பித்து விடட்டும். மாசிப் பனி கண்ணாடியில் இறங்காமலிருக்க, குழாயின் வாய்க்கு ஓர் அட்டைச் சுருள் நீட்டி விட வேண்டும்.